விடாதது எது? மர்மத் தொடர் இரசிகர் பேச்சில் திணையும் பாலும்

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர்கள் குறித்துத் தமிழில் நடைபெற்றுள்ள திறனாய்வு பெரும்பாலும் கதைப்பொருளையும், அது காட்டும் குடும்ப அமைப்பையும், பெண் பாத்திரங்களின் நிலையையும் மதிப்பிடுவதாக அமைந்துள்ளது. தொடரைக் கண்டவர்கள் மறுநாள் தமக்குள் நிகழ்த்திய உரையாடல் திறனாய்வாளர் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. ஆயின், தவணை தவணையாக ஒளிபரப்பான மர்மத் தொடரைப் பொறுத்தவரை, ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் கதை வளர்ந்தது. ‘இதைச் செய்தது யார்?’ என்னும் வினாவைக் கதாசிரியர் எழுப்பினார். அதற்கு ஆளுக்கொரு விடை கூறியவர்கள் இரசிகர்கள்.

அவ்விடைகள் வினைமுற்றின் ஈற்றிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழில் ஒரு செயலைப் படர்க்கையில் கூற முற்படுபவர், செய்தது உயர்திணையா அஃறிணையா என்பதைக் கூறாமல் வாக்கியத்தை எளிதில் முடிக்க இயலாது. மர்மக் கதையிலோ அதுவே மறைக்கப்பட வேண்டிய செய்தி. இம்முரணைத் தமிழ் ஒரு வகையிலும் தெலுங்கு வேறொரு வகையிலும் எதிர்கொள்கின்றன. இரு மொழிகளும் ஒரே வீட்டில் வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியிலிருந்து நோக்கும்போது இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். எடுத்துக்காட்டுக்கு ‘மர்ம தேசம்’ வரிசையில் இடம்பெற்ற ‘விடாது கருப்பு’ என்னும் தொடர் கொள்ளப்படுகிறது. கட்டுரையில் இடம்பெறும் பேச்சுத் தொடர்கள் வேறுபாட்டை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை.

1. தொடரும் அதன் களமும்

சன் தொலைக்காட்சி 1993-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் தனியார் தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர்கள் பெருகின. அவற்றுள் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த ‘மர்ம தேசம்’ தனியிடம் பெற்றது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய இரு கதைகளும் இவ்வரிசையில் இன்றளவும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. முன்னது சித்தர் மரபையும் நவபாஷாண லிங்கத்தையும், பின்னது ஊர்க்காவல் தெய்வமான கருப்பசாமியையும் மையமாகக் கொண்டவை.

மேலைநாட்டுக் கோத்திக் கதை மரபில் பழைய மாளிகையும் அதில் வாழும் குடும்பத்தின் மறைக்கப்பட்ட குற்றமும் இன்றியமையாதவை. 1966 முதல் 1971 வரை அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1,225 தவணைகளாக ஒளிபரப்பிய ‘டார்க் ஷேடோஸ்’ இவ்வகைத் தொலைக்காட்சித் தொடருக்குச் சிறந்த சான்று. தமிழ்த் தொடரில் மாளிகையின் இடத்தைக் கோயிலும் ஊர் எல்லையும் பெறுகின்றன. மறைக்கப்பட்ட குற்றம் குடும்பத்தோடு நில்லாமல் ஊருக்குரியதாகிறது. தண்டிப்பது யார் என்னும் வினாவும் அவ்வாறே ஊரின் வினாவாகிறது. இரசிகர் உரையாடல் இத்துணை வளம் பெற்றமைக்கு இது முதற் காரணம் எனலாம். கதைமாந்தர் கேட்ட அதே வினாவை, அதே சொற்களால், பார்வையாளரும் கேட்க முடிந்தது.

‘விடாது கருப்பு’ கதையில் ஒரு சிற்றூரில் தவறு செய்பவர்கள் அடுத்தடுத்துத் தண்டனை பெறுகின்றனர். தண்டிப்பது கருப்பு என ஊர் நம்புகிறது. இறுதியில் விடை, கதைத்தலைவன் இராசேந்திரனின் பிளவுண்ட ஆளுமையில் கிடைக்கிறது. தெய்வம், மனிதன், நோய் என்னும் மூன்று விளக்கங்களுக்கும் இடையே கதை இறுதிவரை ஊசலாடுகிறது.

2. தலைப்பின் இலக்கணம்

தொடருக்கு மூலமான புதினத்தின் பெயர் ‘விட்டுவிடு கருப்பா’ என்பது. இரு தலைப்புகளையும் ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும்.

‘கருப்பா’ என்பது ‘கருப்பன்’ என்பதன் விளி. ‘கருப்பு’ என்பதன் விளியாயின் ‘கருப்பே’ என்றிருத்தல் வேண்டும். எனவே புதினத்தின் தலைப்பு தெய்வத்தை உயர்திணை ஆண்பாலாகக் கொண்டு, எதிரில் நிறுத்தி, இறைஞ்சுகிறது. முன்னிலை ஏவலில் அமைந்தமையால் வேண்டுபவர் ஒருவரும் கேட்பவர் ஒருவரும் உளர் என்பது பெறப்படுகிறது. வேண்டினால் விடக்கூடும் என்னும் நம்பிக்கையும் அதில் அடங்கியுள்ளது.

தொடரின் தலைப்பு இதற்கு மாறானது. ‘விடாது’ என்பது படர்க்கை ஒருமை அஃறிணை எதிர்மறை வினைமுற்று. தெய்வப் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணை ஈறுகளையே ஏற்று வழங்கும் என்றும் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் கூறுகிறது. நன்னூலாரும் தேவரை உயர்திணையில் அடக்குவர். அவ்விதிப்படி நோக்கின் ‘விடாது கருப்பு’ திணை வழுவாக வேண்டும். ஆயினும், கேட்பவர் எவரும் அதனை வழுவாக உணர்வதில்லை.

இதற்குக் காரணம் இக்காலத் தமிழின் எதிர்மறை அமைப்பில் உள்ளது. உயர்திணை எழுவாய் வரும்போது ‘விடான்’, ‘விடார்’ என்னும் பழைய முற்றுகள் பேச்சில் வழக்கிழந்து, ‘விடமாட்டான்’, ‘விடமாட்டார்’ என்னும் துணைவினை வடிவங்கள் நிலைபெற்றுள்ளன. ‘மாட்டு’ என்னும் துணைவினை செய்பவரின் விருப்பத்தை, அல்லது விருப்பமின்மையைக் காட்டும். ‘ஆது’ ஈறோ விருப்பம் என்னும் பேச்சுக்கே இடமற்ற நிகழ்ச்சிகளுக்கு உரியது. மழை விடாது, காய்ச்சல் விடாது, செய்த வினை விடாது என்கிறோம். ‘கருப்பர் விடமாட்டார்’ என்றால் அவர் மனம் மாறக்கூடும். படையல் இட்டு மாற்றவும் கூடும். ‘விடாது கருப்பு’ என்றால் மழையிடம் முறையிடுவது போன்ற நிலை. புதினத்தின் தலைப்பிலிருந்து தொடரின் தலைப்புக்கு வரும்போது வேண்டுகோள் நியதியாக மாறிவிடுகிறது.

‘விடாது’ என்பதை ‘விடாமல்’ என்னும் பொருளுடைய எதிர்மறை வினையெச்சமாகக் கொள்ளவும் இடமுண்டு. அவ்வாறு கொண்டால் தலைப்பு முற்றுப்பெறாத தொடராகும். விடாது, கருப்பு என்ன செய்யும் என்பது சொல்லப்படவில்லை. முடிக்கும் வினையைக் கேட்பவரே வருவித்துக்கொள்ள வேண்டும்.

‘கருப்பு’ என்னும் பெயரும் கருதத்தக்கது. கறுப்பு, சிவப்பு ஆகியவை நிறத்தோடு வெகுளியையும் உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல் தரும் செய்தி. ‘காத்துக் கருப்பு’ என்னும் பேச்சு வழக்கில் இச்சொல் உருவமற்ற தீய ஆற்றலைக் குறிக்கிறது. நிறம், சினம், பேய், காவல் தெய்வம் ஆகிய நான்கையும் ஒரே சொல் தாங்குவதால் அஃறிணை முற்று அதனோடு இயல்பாகப் பொருந்துகிறது. இன்று செய்தித்தாள் தலைப்புகளில்கூட இத்தொடர் மரபுத்தொடர்போல வழங்குகிறது. தொடர்ந்து வரும் வழக்கோ கடனோ எதுவாயினும் ‘விடாது கருப்பு’ ஆகிவிடுகிறது. தலைப்பின் அஃறிணைத் தன்மையே இவ்விரிவை எளிதாக்கியது எனலாம்.

3. இரசிகர் பேச்சில் வினைமுற்று

தொடரைப் பற்றி உரையாடும் இரசிகர் ஒருவர் பின்வரும் தொடர்களுள் ஏதேனும் ஒன்றைக் கூறுவதாகக் கொள்வோம்.

அ. கருப்பு அடித்துவிட்டது.
ஆ. கருப்பர் அடித்துவிட்டார்.
இ. கருப்பாக வந்தவன் அடித்துவிட்டான்.
ஈ. கருப்பின் பெயரால் யாரோ அடித்திருக்கிறார்கள்.

நான்கும் ஒரே நிகழ்ச்சியைக் கூறுகின்றன. ஆயினும் நான்கும் நான்கு கொள்கைகள். முதலாவது, செயலை ஓர் ஆற்றலின் வேலையாகக் கருதுகிறது. இரண்டாவது, தெய்வத்தை நம்புகிறது. மூன்றாவது, வேடமிட்ட மனிதன் ஒருவனைத் தேடுகிறது. நான்காவது, ஊரில் சதி நடப்பதாக ஐயுறுகிறது. ‘உன் கருத்து என்ன?’ என வெளிப்படையாகக் கேட்காமலே, அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதை உடன் உரையாடுபவர் அறிந்துகொள்ளலாம். இரசிகர்களிடையே நிகழும் வாதத்தின் பெரும்பகுதி ஒருவர் பயன்படுத்திய ஈற்றை மற்றவர் மாற்றிக் கூறுவதாகவே அமையக்கூடும். ‘அடித்தது’ என்பவரிடம் ‘அடித்தான் என்று சொல்’ என மறுப்பது இலக்கணத் திருத்தமன்று. கதைக்குத் தரும் விளக்கம்.

கதையின் உண்மையான முடிவு இந்நான்கில் எதிலும் அடங்காது என்பது கவனத்திற்குரியது. அடித்தவன் இராசேந்திரன், ஆனால் அடித்ததை அவன் அறியான். ‘அவன் அடித்தான்’ என்றால் பொறுப்பு மிகுகிறது; ‘அது அடித்தது’ என்றால் பொறுப்பு நீங்கிவிடுகிறது. ‘அவனுக்குள் இருந்து அது அடித்தது’ என்பது போன்ற கலப்புத் தொடரே பொருந்தி வரும். உளமருத்துவத்திலும் இத்தகைய பெயரிடல் சிக்கல் இருந்துள்ளது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பல்லாளுமைக் கோளாறு’ என்னும் பெயரை நீக்கி, அடையாளம் ஒன்றிணையாமல் சிதறி நிற்பதைக் குறிக்கும் பெயரை ஏற்றது. ஒருவருக்குள் பலர் உள்ளனர் என்னும் பன்மைப் பார்வை, ஒருவரே சிதறியுள்ளார் என்னும் ஒருமைப் பார்வைக்கு மாறியது.

தமிழ்ப் பேச்சு வழக்கு இதற்கு முன்பே ஒரு வழி கண்டுள்ளது. திருவிழாவில் தெய்வத் திருவுரு வீதியுலா வரும்போது ‘சாமி வந்தார்’ எனலாம். அடியவர்மேல் தெய்வம் இறங்கும்போது ‘அவருக்குச் சாமி வந்தது’ என்பதே வழக்கு. தெய்வம் அதே தெய்வம். ஆயினும் உடலில் இறங்கும் நிலையில் அது அஃறிணை முற்றைப் பெறுகிறது. உடலுக்குரியவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பசி வந்தது, கோபம் வந்தது, சாமி வந்தது ஆகிய மூன்றும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. செய்பவரைச் செயலிலிருந்து பிரித்துக் காட்டும் இவ்வாய்பாட்டின் மேல்தான் ‘விடாது கருப்பு’ கதை முழுவதும் கட்டப்பட்டுள்ளது. நோய் விளக்கத்தை ஏற்கும் இரசிகரும் தெய்வ விளக்கத்தை ஏற்கும் இரசிகரும் ‘வந்தது’ என்னும் சொல்லில் உடன்படலாம். இருவரும் தம் கருத்தை விட்டுக்கொடுக்காமல் உரையாடலைத் தொடர இவ்வழக்கு இடமளிக்கிறது.

4. நடிகர் பெயரும் பாத்திரப் பெயரும்

நடிகரைக் குறிப்பிடும் முறையும் இவ்வுரையாடலின் ஒரு பகுதி. ‘டார்க் ஷேடோஸ்’ தொடரில் 1967-ஆம் ஆண்டு அறிமுகமான பார்னபஸ் காலின்ஸ் என்னும் பாத்திரத்தை ஜோனதன் ஃபிரிட் ஏற்றார். பின்னர்க் கதை 1795-ஆம் ஆண்டுக்குச் சென்றபோது, நிகழ்காலப் பாத்திரங்களை ஏற்றிருந்த நடிகர்களே முன்னோர் வேடங்களையும் ஏற்றனர். முகம் ஒன்று, ஆள் வேறு. அத்தொடர் நின்ற பின்னரும் 1983 முதல் விழாக்களில் கூடிய இரசிகர்கள் நடிகர் பெயரையும் பாத்திரப் பெயரையும் இணைத்துப் பேச வேண்டியிருந்தமை இயல்பே.

தமிழில் இதற்கென ஒரு பெயரிடு முறை நிலைபெற்றுள்ளது. ‘வெண்ணிற ஆடை’ மூர்த்தி, ‘நிழல்கள்’ ரவி, ‘பூவிலங்கு’ மோகன், ‘தலைவாசல்’ விஜய் என அறிமுகப் படத்தின் பெயர் நடிகர் பெயருக்கு முன் அடையாக நிற்கிறது. தெலுங்கிலும் ‘சாட்சி’ ரங்காராவ், ‘சுபலேகா’ சுதாகர் முதலியோர் உளர். ஊர்ப்பெயர் அடையாக வரும் வகையில் ‘டெல்லி’ கணேஷையும் ‘சித்தூர்’ நாகையாவையும் சுட்டலாம். குண்டூர்ப் பகுதியில் 1904-இல் பிறந்த நாகையாவுக்குச் சித்தூர் பிறந்த ஊரன்று. நாடக மேடை தந்த பெயர். தமிழ், தெலுங்கு இரண்டிலும் நடித்த அவர் இரு மொழியினருக்கும் சித்தூர்க்காரராகவே நிலைத்துவிட்டார். இவ்வடைகள் வேற்றுமை உருபு ஏற்பதில்லை, பண்பையும் உணர்த்துவதில்லை. இன்னாரை முதலில் எங்கே கண்டோம் என்னும் நினைவே இவற்றின் பொருள்.

மர்மத் தொடரில் இந்நினைவுக்கு ஒரு தடை உண்டு. ‘இராசேந்திரனாக நடித்த சேத்தன்’ என்று சொல்லலாம். ‘கருப்பாக நடித்தவர்’ என்று சொன்னால் மர்மம் உடைந்துவிடும். ‘நடித்தவர்’ என்னும் வினையாலணையும் பெயர் உயர்திணைக்குரியது. அதனைக் கருப்புக்கு உரித்தாக்கியவுடன் விடை கூறப்பட்டதாகும். தொடரை இன்னும் பார்க்காத இளையவரிடம் பேசும் மூத்த இரசிகர், பாத்திரத்தைத் தவிர்த்து நடிகர் பெயரைக் கூறுவதே நாகரிகம். ‘விடுதலை’ முதற் பாகத்தில் (2023) காவல் அதிகாரியாக வந்த சேத்தனையும், ‘காஞ்சனா’ (2011) போன்ற படங்களில் நகைச்சுவைப் பாத்திரங்களில் கண்ட தேவதர்சினியையும் காட்டி, ‘இவர்களை அத்தொடரில் பார்க்க வேண்டும்’ எனப் பரிந்துரைப்பது கதையைக் காக்கும் ஒரு பேச்சு உத்தி. அத்தொடரில் இணைந்து நடித்த அவ்விருவரும் பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தமை இரசிகர் விரும்பி நினைவுகூரும் செய்தி.

5. சித்தூர், திருப்பதி: இருமொழியாளர் செவி

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு உருவாக்கப்பெற்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு இருமுறை, மும்முறை மாறியபோதும் வீட்டில் தமிழும் பள்ளியிலும் அலுவலகத்திலும் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் தொடர்ந்து உள்ளன. கம்பிவடத் தொலைக்காட்சி பரவிய 1990-களில் தமிழ் அலைவரிசையும் தெலுங்கு அலைவரிசையும் ஒரே பெட்டியில் கிடைத்தன. ‘விடாது கருப்பு’ தமிழில் பேசப்பட்ட அதே காலப்பகுதியில் தெலுங்கு ஈடிவி ‘அன்வேஷித’ என்னும் மர்மத் தொடரை ஒளிபரப்பியது. இருமொழி வல்ல பார்வையாளர் இரண்டையும் ஒப்பிடும் வாய்ப்பைப் பெற்றிருந்தார்.

அவர் செவிக்கு இரு மொழிகளின் திணை பாகுபாடும் ஒன்றன்று. திராவிட மொழிகளின் பால் பாகுபாட்டைப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் வெளிவந்த தம் நூலில் மூவகையாகப் பிரித்துள்ளார். தமிழில் ஒருமையில் ஆண், பெண், அஃறிணை என மூன்று உண்டு. தெலுங்கில் ஒருமையில் இரண்டே: ஆண்பால், ஆண்பால் அல்லாதது. பெண்ணும் அஃறிணையும் வினைமுற்றில் ஒன்றாகின்றன. ‘வச்சாடு’ என்றால் வந்தவன் ஆண். ‘வச்சிந்தி’ என்றால் வந்தது பெண்ணாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம். பன்மையில் மட்டும் மக்கள், மக்கள் அல்லாதவை என்னும் பிரிவு தோன்றுகிறது.

இதனால் மர்மம் ஒளியும் இடம் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ‘வந்தது’ என்னும் தமிழ்ச் சொல் பெண்ணை விலக்கிவிடுகிறது, ‘வச்சிந்தி’ விலக்குவதில்லை. தமிழ் ‘வந்தார்’ ஆணையும் பெண்ணையும் மறைக்கும். ஆனால் பேயையும் பொருளையும் மறைக்காது. எனவே, குற்றம் செய்தது ஒரு பெண்ணா, ஓர் ஆவியா என்னும் ஐயத்தைத் தெலுங்கு இயல்பாகக் காக்கும். ஆணா, பெண்ணா என்னும் ஐயத்தைத் தமிழ் உயர்வு ஒருமையால் காக்கும். தெலுங்குக்கும் அவ்வுயர்வு வழி உண்டு.

திருப்பதிக்கு இது புதிய சிக்கலன்று. ஆண்டுதோறும் மே மாத அளவில் நடைபெறும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை இதே வினாவைத் தன் கதையாகக் கொண்டது. பெண்களை இழிவுபடுத்திய பாளையக்காரன் ஒருவனைக் கங்கம்மா தண்டிக்க முற்படுகிறாள். அவன் ஓடி ஒளிகிறான். பைராகி, தோட்டி முதலிய வேடங்களில் அவனைத் தேடும் தேவி, இறுதியில் ‘தொர’ எனப்படும் பெருமகன் வேடத்தில் வருகிறாள். பெருமகன் வந்தான் என நம்பி வெளிப்பட்ட பாளையக்காரன் தலை இழக்கிறான். கைகால குடும்பத்தார் இவ்வேடங்களைப் புனைகின்றனர். நேர்ந்துகொண்ட ஆடவர் பெண் வேடம் பூணுவதும் அவ்விழாவின் சிறப்பு. அமெரிக்க அறிஞர் ஜாய்ஸ் ஃபுளூக்கிகர் 2013-இல் வெளியிட்ட நூல் இவ்விழாவை விரிவாக ஆராய்ந்துள்ளது.

‘தொர’ வருவதைப் பாளையக்காரன் காணும்போது தெலுங்கில் ‘வச்சாடு’. அடியவர் காணும்போது ‘வச்சிந்தி’. ஒரே உருவம்; ஈற்றின் வேறுபாட்டிலேயே அவன் அறியாமையும் அடியவர் அறிவும் அடங்கியுள்ளன. பால் திரிந்தோர் பெயரையும் தெய்வப் பெயரையும் தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டுக்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை என்று கூறியது இங்கு எண்ணத்தக்கது. தெய்வத்தின் முன் பால் நிலையற்றதாகிறது என்பதை விழா வேடத்தாலும் இலக்கணம் ஈற்றாலும் உணர்த்துகின்றன. இவ்விழாவைக் கண்டு வளர்ந்த ஒருவர் ‘விடாது கருப்பு’ பார்க்கும்போது, வேடமும் தெய்வமும் ஒன்றையொன்று மறுப்பவை என்று எண்ண வேண்டியதில்லை. மனிதன் செய்தான் என்பது மெய்ப்பிக்கப்பட்டாலும் தெய்வம் செய்யவில்லை என்பது அதனால் பெறப்படாது. நகர்ப்புறப் பார்வையாளர் முரணாகக் காணும் முடிவு இவருக்கு முரணாகத் தோன்றாமைக்கு இதுவே காரணமாதல் கூடும்.

6. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள சிக்கல்

‘விடாது கருப்பு’ என்பதைத் தெலுங்கில் பெயர்க்க முற்படுபவர் முதலில் பெயரைத் தீர்மானிக்க வேண்டும். நிறத்தைக் குறிக்கும் ‘நலுப்பு’ என்னும் தெலுங்குச் சொல்லுக்குத் தெய்வப் பொருள் இல்லை. கிராம தேவதையரின் உடன்பிறந்தானாக வழிபடப்படும் போதுராஜுவின் பெயரை இட்டால் தெய்வம் கிடைக்கும். நிறமும் சினமும் போய்விடும். ‘கருப்பு’ என்றே விட்டுவிடுவது சித்தூர்ப் பகுதிக்குப் போதும். கோதாவரிக் கரைக்குப் போதாது.

வினை இதனினும் கடினமானது. ஆண்பாலில் ‘வதலடு’, பெண்பாலிலும் அஃறிணையிலும் ‘வதலது’. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாமடி ஒலிக்கும் பல்லொலிக்கும் இடைப்பட்டதே. டகரம், தகரம் என்னும் ஓரெழுத்து வேறுபாடு. டகரம் இட்டால், அடித்தவன் ஆண் என்பது முதல் தவணைக்கு முன்பே தலைப்பில் கூறப்பட்டுவிடும். தகரம் இட்டால், தமிழில் இல்லாத பெண் தெய்வம் ஒன்று நுழைந்துவிடும். கங்கம்மாவின் ஊரில் அவ்வாறு நுழைவது இன்னும் எளிது.

மூன்றாவது வழி, ‘வதலனி’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம். தமிழில் ‘விடாத’ என்பதற்கு இணையான இவ்வடிவம் திணை, பால் எதனையும் காட்டாது. மர்மம் காக்கப்படுகிறது. ஆனால் ‘விடாத கருப்பு’ என்பது ஒரு பெயர்த்தொடர். ‘விடாது கருப்பு’ என்பது ஒரு கூற்று. முன்னது கருப்பின் இயல்பை விவரிக்கிறது. பின்னது கேட்பவரை எச்சரிக்கிறது. எச்சரிக்கையை இழந்து மர்மத்தைக் காப்பதா, மர்மத்தை இழந்து எச்சரிக்கையைக் காப்பதா என்பதே தேர்வு. மர்மத் தொடருக்கு ‘வதலனி’ வடிவமே ஏற்றது என்பது இக்கட்டுரையின் முடிபு. எச்சரிக்கையைக் காட்சியாலும் ஒலியாலும் ஈடுசெய்ய முடியும். ஈற்றில் வெளிப்பட்டுவிட்ட விடையைத் திரும்பப் பெற முடியாது.

பிற எடுத்துக்காட்டுகள் இதனை வலியுறுத்துகின்றன. பிளவுண்ட ஆளுமையையே பொருளாகக் கொண்ட ‘அந்நியன்’ (2005) தெலுங்கில் ‘அபரிசிதுடு’ ஆயிற்று. ‘அன்’ ஈற்றுக்கு ‘டு’ ஈறு நேரானது, இழப்பு இல்லை. அத்தலைப்பு செய்பவனை ஆண் என முதலிலேயே ஒப்புக்கொண்டது. மறைத்தது எந்த ஆண் என்பதை மட்டுமே. ‘அருந்ததி’ (2009) என்னும் தெலுங்குப் படத்தில் பசுபதியின் அச்சுறுத்தல், ‘விடமாட்டேன்’ எனப் பொருள்படும் தன்மை வினையால் அமைந்து மக்கள் நாவில் நிலைத்தது. தன்மை வினைக்கு இரு மொழிகளிலும் பால் இல்லை. எனவே மொழிமாற்றத்தில் இடர்ப்பாடு எழவில்லை. இடர்ப்பாடு படர்க்கையில்தான், செய்தவர் மறைந்திருந்து, பிறர் அவரைப் பற்றிப் பேசும்போதுதான். மர்மத் தொடரின் உரையாடல் முழுவதும் அந்நிலையில் நடைபெறுவது.

மொழிமாற்றம் செய்வோர் உதட்டசைவுக்கும் கால அளவுக்கும் காட்டும் அக்கறையை ஈறுகளுக்கும் காட்டுதல் வேண்டும். உயர்வு ஒருமை, பெயரெச்சம், தொழிற்பெயர், செயப்பாட்டு வினை ஆகியவை மறைப்புக்கு உதவும் கருவிகள். ‘அவன் அடித்தான்’ என்பதற்கு மாற்றாக ‘அடி விழுந்தது’ என்பது தமிழில் இயல்பானது. தெலுங்கிலும் இத்தகைய வழக்கு உண்டு. எந்தத் தவணையில் மறைக்க வேண்டும், எந்தத் தவணையில் வெளிப்படுத்த வேண்டும் என்பதை முழுக் கதையையும் அறிந்த பின்னரே முடிவு செய்ய இயலும். தவணை வந்தவுடன் தனித்தனியே பெயர்க்கும் முறையில் இதற்கு இடமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், இரசிகர் பேச்சு வெறும் பொழுதுபோக்கு உரையாடலன்று. கதையை விளக்கும் ஒரு திறனாய்வு முறை என்பது பெறப்படும். அதன் முதன்மைக் கருவி திணை, பால் ஈறுகள். தமிழிலும் தெலுங்கிலும் அவை வேறு வேறிடங்களில் மர்மத்தை மறைப்பதால், மொழிபெயர்ப்பு ஈறுதோறும் கதையைத் தீர்க்கவோ காக்கவோ செய்கிறது.

இரு செயல்கள் உடனடியாக வேண்டப்படுகின்றன. ஒன்று, சித்தூர், திருப்பதிப் பகுதி இருமொழியாளரின் தொடர் நினைவுகளை ஒலிப்பதிவாகத் திரட்டுதல். ‘டெல்லி’ கணேஷ் 2024 நவம்பர் 9-ஆம் நாளும், இந்திரா சௌந்தர்ராஜன் அதற்கு அடுத்த நாளும் காலமாயினர். கே. பாலசந்தர் 2014-இலேயே மறைந்தார். நாகா ‘ஐந்தாம் வேதம்’ (2024) வழி இத்துறையில் தொடர்ந்து இயங்கி வந்துள்ளார். பழைய தவணைகள் இணையத்தில் காணக் கிடைத்தாலும், முதல் ஒளிபரப்பின்போது ‘அடித்தது’ என்றும் ‘அடித்தான்’ என்றும் வாதிட்டவர்களின் பேச்சு எந்த நாடாவிலும் இல்லை. அது முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும், குப்பத்தில் 1997-இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகமும் இப்பணிக்குத் தக்க இடத்தில் அமைந்துள்ளன.

மற்றொன்று, மொழிமாற்றப் பணியில் எல்லைப்பகுதி இருமொழியாளரைச் சரிபார்ப்பவராக அமர்த்துதல். இரு மாநிலங்களின் ஓரத்தில் வாழ்வோராக மட்டும் எண்ணப்படும் அவர்கள், ‘வதலடு’ என்பதற்கும் ‘வதலது’ என்பதற்கும் இடையே ஒரு கதை முழுவதும் தொலையக்கூடும் என்பதைக் கேட்ட அளவில் உணர்பவர்கள். அந்தச் செவியைப் பயன்கொள்ளாமல் விடுவது இரு மொழிகளுக்கும் இழப்பு.